பேனாக் கோடு இல்லாத தபால்தலை

மேசை மேல் இரண்டு ராணிகள் இருந்தார்கள். ஒருத்தி தபால்தலையில், இன்னொருத்தி தாமோதரனின் செல்போனில். ஒரே முகம், ஒரே கொண்டை, ஒரே நிறம். செல்போனில் இருந்தவளின் முகத்துக்குக் குறுக்கே, நெற்றியிலிருந்து கழுத்து வரை, பேனாவால் இழுத்த ஒரு கோடு. தபால்தலையில் இருந்தவளுக்குக் கோடு இல்லை.

“இது அது இல்லம்மா,” என்றார் தாமோதரன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன், எனக்கு அது பழக்கம்தான். அவர் மெதுவாகச் சொன்னதால் என் உள்ளங்கை வேர்த்தது. கோடைக்கானல் குளிரில், சுவெட்டர் போட்டிருக்கும்போது, வேர்த்தது.

அது பிலோமினாவின் வீட்டு முன் அறை. பிலோமினா என் சிநேகிதி, சர்ச்சில் பீடத் துணிகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கிறவள். தாமோதரன் மதுரையில் பழைய தபால்தலை வாங்கி விற்கிறவர். அவர் மலையேறி வந்தது பிலோமினாவிடம் இருந்த ஒரே ஒரு தபால்தலைக்காக. அவருக்குச் சொல்லி அனுப்பியது நான். படம் எடுத்து அனுப்பியது நான். அசல் என்று வாக்குக் கொடுத்ததும் நான்.

“நீங்க அனுப்புன படத்துல கோடு இருக்கு. இதுல இல்ல. கோடு எங்கம்மா போச்சு?”

எனக்கே அது தெரியவில்லை. பிலோமினா அடுப்படி வாசலில் நின்று முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

“நடுவுல இது யாரு கையில இருந்துச்சு?” என்று அவளைக் கேட்டார்.

“இந்த அக்கா கையிலதான். பாத்துட்டுத் தாரேன்னு வாங்கிட்டுப் போனாங்க. முந்தாநாத்துதான் கொண்டாந்து குடுத்தாங்க.”

அவள் சொன்னது உண்மை. அதில் பொய் ஒரு சொல் இல்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் கடை

இந்தப் பத்தியில் என்னைப் பற்றி முன் வாரங்களில் படிக்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஏரிச் சாலையில் சாக்லேட் கடைக்கும் தைலக் கடைக்கும் நடுவில் என் கடை. கடை என்றால் கண்ணாடி மூடி போட்ட பெட்டி, ஒரு ஸ்டூல், மேலே தார்ப்பாய். பழைய நாணயம், பழைய படக் கார்டு, தபால்தலை விற்கிறேன். ஊரில் எனக்கு ஸ்டாம்பு அக்கா என்று பெயர். அப்பன் வைத்த பெயரைச் சொன்னால் தபால்காரருக்கே தெரியாது.

சிலோனில் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, சிறு பெண்ணாகக் கப்பலேறி, முகாமில் கிடந்து, இந்த மலைக்கு வந்து சேர்ந்த கதையை முன்பே சொல்லிவிட்டேன், நான் சொல்லச் சொல்லப் பத்திரிகைத் தம்பி எழுதிக்கொள்கிறார். இங்கே வந்ததும் ஒரு வெள்ளைக்கார டீச்சரம்மா வீட்டில் வேலை கிடைத்தது. அந்தம்மாவுக்குத் தபால்தலை என்றால் உயிர். பழைய உறைகளின் மூலையைக் கத்தரித்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, தபால்தலை தானாகப் பிரிந்து வந்ததும் எடுத்து, முகம் கீழே இருக்கும்படி ஒற்றுத்தாளில் காயவைப்பது என் வேலை. அவசரப்பட்டு இழுத்தால் கிழியும். நான் ஒன்றைக்கூடக் கிழித்ததில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

அந்தம்மா ஊருக்குப் போகும்போது பூதக்கண்ணாடியையும் இடுக்கியையும் என்னிடம் விட்டுப் போனார். தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள் நான். இங்கிலீஷில் தெரிந்ததெல்லாம் தபால்தலையில் இருக்கும் தேசங்களின் பெயர்தான், அதுவும் எழுத்தின் வடிவத்தை வைத்து. ஆனால் அந்தக் கண்ணாடிக்குக் கீழே வைத்ததை நான் வாசித்துவிடுவேன்.

மூடுபனி வராத பங்களா

போலியில் பல தினுசு உண்டு. சிலதை அரசாங்கமே செய்தது. பழைய தபால்தலை கேட்டு ஆட்கள் வந்ததும், கிடப்பில் இருந்த அச்சை எடுத்துப் பின்னாளில் மறுபடி அடித்தார்கள். அதற்கு மறு அச்சு என்று பெயர். படம் அதேதான். தாள் வேறு. பழைய தாளைக் கறுப்புத் தட்டில் கவிழ்த்து ஒரு சொட்டு பென்சீன் விட்டால் உள்ளிருந்து ஒரு நிழல் எழும்பி வரும், நட்சத்திரமோ யானைத் தலையோ. அதை நீர்க்குறி என்பார்கள். மறு அச்சுத் தாளில் பெரும்பாலும் நிழல் எழும்பாது.

இன்னும் சிலதைத் திருடர்கள் செய்தார்கள். கிழிக்க வசதியாக ஓரத்தில் துளையிட்ட பல் இல்லாத தபால்தலைதான் முதலில் வந்தது. கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டுவார்கள். பல் வைத்தது பிறகு வந்தது, ஏராளமாக வந்தது. அந்த மலிவானதை எடுத்துப் பல்லைச் சுற்றிலும் வெட்டிவிட்டு, பல் இல்லாத அரிய சரக்கு என்று விற்பார்கள். இதில் படமும் அசல், தாளும் அசல், நீர்க்குறியும் அசல். பொய் ஓரத்தில் மட்டும்தான் இருக்கும். அதனால் ஓரத்தைப் பார்க்க வேண்டும். பல்லை வெட்டியதில் கரை, அதாவது படத்தைச் சுற்றிய வெற்றிடம், பெரும்பாலும் ஒட்டிப் போயிருக்கும்.

கோடைக்கானலுக்கென்று தனியாக ஒரு சோதனை இருக்கிறது. ஒருநாள் பெரிய காரில் வந்த ஒருவர் ஆல்பத்தைத் திறந்து காட்டினார்.

“எங்க தாத்தா பங்களாவுல இருந்தது ஆன்ட்டி. இங்கேயே அப்சர்வேட்டரி பக்கம். ஹண்ட்ரட் இயர்ஸ் அங்கேயேதான் இருந்திருக்கு.”

திருப்பிப் பார்த்தேன். முதுகுப் பசை புத்தம் புதிதாகப் பளபளத்தது.

“உங்க தாத்தா பங்களாவுக்கு மட்டும் மூடுபனி வராதா தம்பி?” என்று கேட்டேன்.

பக்கத்துத் தைலக்கடைக்காரர் சிரித்தே விட்டார். இங்கே ஒரு மழைக்காலம் போனால் பசை இளகி ஆல்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இந்த மலையில் தபால்தலை வைத்திருந்தவர்கள் எல்லாரும் பசையைக் கழுவிவிட்டுத்தான் வைத்தார்கள். கோடைக்கானல் பங்களாவில் தூங்கிய பழைய தபால்தலைக்குப் பசை இருக்கிறது என்றால், அது சமீபத்தில் தடவியது.

இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு ஒரு பெயர் வந்தது. ஸ்டாம்பு அக்கா சொன்னால் சரி என்று மதுரை வரை ஒரு பேச்சு. என்னிடம் இருப்பது அந்தப் பேச்சு ஒன்றுதான். தார்ப்பாய்கூட வாடகைதான்.

பிலோமினாவிடம் இருந்தது

பிலோமினாவின் மாமனார் மிஷன் பங்களாவில் சமையல்காரர். அங்கிருந்த துரைசானி ஊருக்குப் புறப்படும்போது அவருக்கு ஒரு பிஸ்கட் டின் கொடுத்தார். அதில் பித்தானும் ஊசியும், அடியில் ஒரு காகித மடிப்பில் இந்தத் தபால்தலையும். மாமனார், புருஷன் என்று கை மாறி வந்து, இரண்டு பேரும் போன பிறகு அவளிடம் நின்றது. கூரைத் தகரம் ஓட்டையாகி, கட்டிலை இழுத்து இழுத்துப் போட்டு அலுத்த பிறகுதான் டின்னைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“இது தேறுமா பாரு அக்கா. தேறலைன்னா பித்தானையாவது எடுத்துக்க.”

மடிப்பைப் பிரித்தேன். கத்தரிப்பூவும் காப்பியும் கலந்த நிறம். பல் இல்லை. மேலே ஆறு இங்கிலீஷ் எழுத்து. எனக்கு நன்றாகத் தெரிந்த ஆறு எழுத்து. சிலோன்.

நான் கப்பலேறி வந்த தேசம் எனக்கு முன்பே இந்த மலைக்கு வந்து, ஒரு சமையல்காரரின் பிஸ்கட் டின்னில் படுத்திருந்திருக்கிறது. அந்த ஆறு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிலோமினா, “தேறாதா?” என்றாள்.

வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். நட்சத்திர நிழல் எழும்பியது. நகத்தை ஓட்டினால் அந்தக் காலத்து அச்சுக்கே உரிய மை மேடு தட்டுப்பட்டது. கரை மூன்று பக்கம் நல்ல அகலம். முகத்தின் மேல் அந்தப் பேனாக் கோடு. முத்திரை குத்த வசதி இல்லாத இடத்தில் அந்தக் காலத்தில் பேனாவால் இழுத்துவிடுவார்கள், மறுபடி யாரும் ஒட்டக் கூடாது என்று. தாமோதரனும் போனில் அதையே சொன்னார். “கோடு இருந்தா இருக்கட்டும்மா. அது அந்தக் காலத்து ஆளு போட்ட சாட்சி.”

திருப்பிக் கொடுக்கும்போது பிலோமினாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். “இதத் தொடாத. மூச்சுக்கூட மேல படக் கூடாது. கேட்டியா?”

“கேட்டேன் கேட்டேன். ஏன் இந்த அதட்டு அதட்டுற?” என்றாள்.

ஓரம்

இப்போது அந்த முன் அறைக்கு வருகிறேன்.

“தம்பி, படத்தப் பெருசாக்குங்க,” என்றேன். “இடது பக்கம் மேல் மூலை. கத்திரி வழுக்கி ஒரு சின்ன வெட்டு விழுந்திருக்கும். கீழ்ப் பக்கம் போகப் போகச் சரியும். ரெண்டையும் வச்சுப் பாருங்க.”

அவர் பார்த்தார். பொறுமையாகத்தான் பார்த்தார், அதைச் சொல்ல வேண்டும். கண்ணில் கண்ணாடியைப் பொருத்தி ஒவ்வொரு ஓரமாகப் போனார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. பிலோமினா, “காப்பி போடவா?” என்றாள். தானே இரண்டு டம்ளரில் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

“ஓரம் ஒத்துப் போகுது,” என்றார் கடைசியில். “ஆனா ஓரம் ஒத்துப் போறது பெரிய விஷயம் இல்லம்மா. பல்லு வச்சதுலேயே கரை அகலமா வந்தத எடுத்து, படத்தப் பாத்து அதே மாதிரி கத்திரிச்சுடலாம். கை பழகினவங்களுக்குக் கஷ்டமே இல்ல.”

இந்த மலையில் கை பழகினவள் நான் ஒருத்திதான். அவர் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

“நீங்க என்ன சொல்ல வர்றீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லலம்மா. உங்கள நம்பி நாலு பேருகிட்ட சரக்கு வாங்கியிருக்கேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு குறையும் இல்ல. அதனாலதான் கேக்கிறேன். அந்தக் கோடு போட்ட ஸ்டாம்பு எங்க?”

 மதுரைக்குப் போய் இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். திட்டக்கூட வேண்டாம். “கோடைக்கானல் அம்மாகிட்ட இப்பல்லாம் பாத்து வாங்கணும்,” என்று சாதாரணமாகச் சொன்னால் போதும். என் பெட்டிக்கு மூடி எதற்கு, பூட்டு எதற்கு.

விரலில் ஒட்டியது

தபால்தலை இருந்த காகித மடிப்பு மேசையில் கிடந்தது. கையில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்ததால் அதை எடுத்தேன். மடிப்பின் பள்ளத்தில் விரல் போனது. நறநறவென்று ஏதோ தட்டுப்பட்டது. மணல் என்று நினைத்தேன். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தேன், மின்னியது.

வாய் துடைப்பது போல விரலை நாக்கில் வைத்தேன்.

உப்பு.

பிலோமினாவின் கைப்பக்குவத்தை இங்கே சொல்ல வேண்டும். பீடத் துணியில் கறை பட்டால் அவள் சோப்பு போட மாட்டாள். கறையின் மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உப்பைத் தூவி, வெயிலில் விரித்துவிடுவாள். திராட்சை ரசமோ, ஆணித் துருவோ, சாமியார் பேனாவிலிருந்து கொட்டிய மையோ, எதுவும் நிற்காது. மேல்மலையில் இருக்கும் போளூர் சர்ச்சிலிருந்துகூடத் துணி கொடுத்து அனுப்புவார்கள். இரும்பும் மாசிக்காயும் போட்டுக் காய்ச்சிய அந்தக் காலத்து மை எலுமிச்சைக்கு எப்படித் தாங்கும்?

அதற்கு முந்தின நாள்தான் இந்த மலையில் அதிசயமாக நாள் முழுக்க வெயில் அடித்தது.

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். நான் விரலை நாக்கில் வைத்ததை அவள் பார்த்திருந்தாள்.

ஒரு வாக்கியம் சொன்னால் நான் தப்பித்துவிடலாம். அவர் பெட்டியில் ஊதா விளக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியும். கழுவி அழித்த மை வெறும் கண்ணுக்குத் தெரியாது, அந்த வெளிச்சத்தில் தெரியும். ஆனால் பேனாக் கோட்டை அழித்துப் புதுசு போலக் காட்டுவது இந்தத் தொழிலில் பழைய மோசடி. விளக்கைப் போட்டால் என் பெயர் நிற்கும். அவளுடைய தபால்தலை போய்விடும், ஏமாற்றுக்காரி என்ற பேச்சு அவள் மேல் திரும்பும். அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொல்லு பிலோமி, சொல்லித் தொலை என்று மனசுக்குள் கத்தினேன்.

அவள் முந்தானையைச் சுற்றினாள், அவிழ்த்தாள்.

“ஊதா விளக்கு வச்சிருக்கீங்களா தம்பி?” என்றேன்.

“இருக்கு. எதுக்கு?”

“போடுங்க.”

கம்பளிக்குள்

அந்த அறையில் ஜன்னல் பெரிது. மூடுபனி இருந்தும் வெளிச்சம் போகவில்லை. “இருட்டு வேணுமே,” என்றார் தாமோதரன். பிலோமினாதான் உள்ளே போய்க் கம்பளியை எடுத்து வந்தாள். மேசையின் மேல் மூன்று பேரும் குனிந்தோம். கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டோம். ஆட்டு ரோமமும் அந்துருண்டையும் சேர்ந்த வாசம். தாமோதரனின் மூச்சு ஒரு பக்கம், பிலோமினாவின் மூச்சு ஒரு பக்கம்.

அவர் விளக்கின் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார். இருட்டில் அவர் விரல் தடவும் சத்தம் கேட்டது.

“எலுமிச்சம்பழந்தான் அக்கா,” என்றாள் பிலோமினா.

விளக்கு எரிந்தது.

தாள் மங்கலாகக் கிடந்தது. ராணியின் நெற்றியிலிருந்து கழுத்து வரை நிழல் மாதிரி ஒரு கோடு இருந்தது. படத்தில் எங்கே வளைந்ததோ அங்கேயே வளைந்தது, எங்கே தடித்ததோ அங்கேயே தடித்தது. அதை யாராலும் பார்த்து வரைய முடியாது.

கம்பளியை விலக்கியபோது மூன்று பேருக்கும் தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

“அழுக்குன்னு நெனச்சேன் சார்,” என்றாள் பிலோமினா. “பொண்ணு பாக்க வர்றாங்கன்னா மூஞ்சி கழுவாமயா நிறுத்துவோம்? நேத்து வெள்ளனே எந்திரிச்சு, பஞ்சுலதான் ஒத்தினேன். தேய்க்கலை.”

தாமோதரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மன்னிச்சுக்கங்கம்மா.”

“எதுக்குத் தம்பி? நீங்க ஒண்ணும் சொல்லலைன்னு சொன்னீங்களே.”

அவர் முகம் சிவந்தது. அது எனக்குத் தேவைப்பட்டது.

தபால்தலையை மடிப்பில் வைத்து மேசையில் தள்ளினார். “கோடு இருந்திருந்தா வெரசா எடுத்துக்கிட்டுப் போயிருப்பேன். கழுவினத நான் வாங்கி வித்தா என் பேரு போயிரும். கழுவினதுன்னு சொல்லி வித்தா ஒரு பய வாங்க மாட்டான்.” அவர் சொன்னது நியாயம். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். காப்பி குடிக்காமல் போனார்.

அதற்குப் பிறகு

வெளியாள் முன்னால் பிலோமினா என்னை நீங்க என்பாள். தனியே இருந்தால் நீதான்.

“அவரு கேட்டப்பவே ஏன்டி சொல்லல?” என்றேன். “நான் களவாணிப் பட்டம் வாங்குறதப் பாத்துக்கிட்டு நின்னியே.”

“அவருக்குப் பயந்திருந்தா சொல்லியிருப்பேன்.”

“பெறகு?”

“ஒனக்குத்தான் பயந்தேன். மூச்சுக்கூட விடாதன்னு சொன்னியே. கோடு போனதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அவருகிட்டச் சொன்னா நீயும்தான கேப்ப.”

 இரண்டு டம்ளர் காப்பி ஆறிக் கிடந்தது. ஒன்றை அவள் குடித்தாள், ஒன்றை நான் குடித்தேன். அன்று மழை பிடித்துக்கொண்டது. கட்டிலை இழுத்துப் போட ஒரு கை கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாள் என் கடைத் தார்ப்பாயில் பாதியை மடித்து அவள் கூரை மேல் போட்டுக் கட்டினோம். அதை வாடகைக்கு விட்டவனுக்கு இன்னும் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவள் கடைக்கு வந்தாள். காகித மடிப்பைக் கண்ணாடி மேல் வைத்தாள்.

“எனக்கு வேணாம். டின்னுல கெடந்தா நான் மறுபடி எதையாவது செஞ்சுருவேன். நீ வச்சுக்க.”

பெட்டியின் நடுவில் இடம் ஒதுக்கி வைத்தேன். பக்கத்தில் ஓர் அட்டை. எழுத்துக் கூட்டி எழுத ஒரு காலைப் பொழுது போனது. சிலோன். அசல். கழுவியது. விற்பனைக்கு இல்லை.

டூரிஸ்டுகள் குனிந்து பார்க்கிறார்கள். விற்காததை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். பார்க்கத்தான் என்கிறேன்.

அட்டை வைத்த அன்று பிலோமினா வந்து நின்று வாசித்தாள். உதடு அசைய இரண்டு தரம் வாசித்தாள்.

“கழுவினதுன்னு போட்டிருக்க. யாரு கழுவினதுன்னு போடலையே?”

“எடம் பத்தல,” என்றேன்.

அட்டையில் பாதிக்கு மேல் வெறுமையாகத்தான் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கண்ணாடியின் மேல் படிந்திருந்த பனியை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். அதை மட்டும் துடைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.